அத்தான் அனுப்புகிறேன் என்ற கேஸ் டிரையர்

துணி காயப்போடுவதைப் பற்றி எல்லாம் ஒருத்தன் உட்கார்ந்து எழுதுவானா என்று கேட்பீர்கள். எங்கள் ஊருக்கு ஜூன் மாதம் வந்து ஒரு வாரம் இருந்து பாருங்கள், அப்புறம் கேட்க மாட்டீர்கள். சென்னைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது இரண்டாவது தவணை. முதல் தவணை இடவப்பாதியில், அதாவது ஜூனில் ஆரம்பித்துவிடும். பெரிய மழை என்று சொல்ல முடியாது. சாரல், கொஞ்சம் வெயில், மறுபடி சாரல். வெயிலைப் பார்த்துத் துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம், கடைசிப் படி ஏறும்போது தூறல் விழும். வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருக்கும்.

இந்த வருடம் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் மழை தொடங்கியதும் ஒரே வாரம். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. டயபர் போட்டால் தோல் சிவக்கும் என்று ஆச்சி தடை போட்டுவிட்டாள். ஆக, பழைய வேட்டி கிழித்த துணிதான். நாளைக்கு இருபது, இருபத்தைந்து. சிட்-அவுட்டில் கொடி, ஹாலில் கொடி, மாடிப்படிக் கைப்பிடி முழுக்கத் துணி. எதுவும் காயாது. இரண்டு நாள் கழித்து ஒரு புளித்த வாடை வரும், மறுபடி துவைக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் காலேஜ் விட்டு வருகிறேன். சாரல் அடிக்கிறது என்று அடுக்களை ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருக்கிறது. உள்ளே கேஸ் அடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு. கயிற்றில் வரிசையாகப் பிள்ளைத் துணி. கீழே இரண்டு பர்னரும் சிம்மில் எரிகிறது. சுவரில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. அம்மா ஸ்டூலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மத்தியானத்துலேருந்து ஒரே மண்டையிடி மக்களே. ஒறக்கம் இல்லாததுனாலயாக்கும்."

ஈரத்தின் கனத்தில் கயிறு நடுவில் தொய்ந்து, ஒரு துணியின் நுனி தீக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவும் பிள்ளையும் படுத்திருந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்தேன். "பிள்ளைக்கு மாத்துத் துணி நீயா தருவே?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜன்னல் திறந்து அரை மணி நேரத்தில் அம்மாவின் தலைவலி குறைந்தது. தூக்கம் இல்லாததால் வந்த வலி ஜன்னல் திறந்தால் போகுமா?

அன்று ராத்திரி நியூ ஜெர்சியிலிருந்து அத்தான் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரு யோசனை. அவருடைய நண்பர் ஒருவர் அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலுக்கே திரும்புகிறார், சாமான்களைக் கண்டெய்னரில் அனுப்புகிறார். அதில் ஒரு கேஸ் டிரையர் இருக்கிறது. வேண்டுமென்றால் சும்மாவே தருகிறார். "நாப்பது நிமிஷத்துல துணி காஞ்சிரும் மச்சான். சிலிண்டர்ல கனெக்ட் பண்ணா போதும்." வீட்டில் எல்லார் முகத்திலும் வெளிச்சம். எனக்கும்தான், பொய் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் வாஷிங் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "அது ஒண்ணும் இல்ல தம்பி. அடுப்புக்குப் போற டியூப்ல ஒரு 'டி' போட்டு இந்தப் பக்கம் இழுத்துரலாம். புகைக்குழாய்க்குச் செவரு ஒடைக்கவெல்லாம் வேண்டாம், உள்ளயே விட்டிருங்க. மழை நேரத்துல வீடும் கதகதன்னு இருக்கும்."

பி.காம். படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கணக்குப் போட உட்கார்ந்தவன், அந்த மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு ஆபத்து என்று படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அடுப்புக்கு மேலே துணி கட்டுகிற விஷயம். தீ பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. கேஸ் எரிந்தால் சூடு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே நீராவி கிடைக்கும். 14.2 கிலோ சிலிண்டர் முழுக்க எரிந்தால் இருபத்திரண்டு லிட்டர் தண்ணீர். மூடின அடுக்களையில் அடுப்பை எரியவிட்டுத் துணி காயப்போடுவது என்றால், ஒரு பக்கம் ஈரத்தை எடுத்து அதே அறையில் இன்னொரு பக்கம் ஈரத்தை ஊற்றுவது. துணியிலிருந்து கிளம்பிய தண்ணீரும் கேஸிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்துதான் எங்கள் சுவரில் வழிந்தது.

அதோடு போனால் பரவாயில்லை. எரியும் தீ அறையின் ஆக்சிஜனைத் தின்கிறது. காற்று குறையக் குறைய நீலத் தீ மஞ்சளாகிறது, கேஸ் அரைகுறையாக எரிகிறது, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நமக்குக் கேஸ் லீக் என்றால் நாற்றம் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அந்த நாற்றம் எரியாத கேஸுக்குத்தான். கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற வாசனைப் பொருளை அதில் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்து வந்த கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி யாரும் கலந்து கொடுக்க முடியாது. அது ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி, அப்புறம் மயக்கம், வாந்தி. அம்மாவுக்கு வந்தது அதுதான் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பத்து நாள் பிள்ளை படுத்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

குளியலறைக்குள் மாட்டுகிற கேஸ் கீசரும் இதே கதைதான். வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் மூடிய குளியலறையில் இறந்து கிடந்தார்கள் என்று செய்தி வருகிறதல்லவா? நம் நாட்டு டாக்டர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தே எழுதுகிறார்கள். குளிக்கும்போது மயங்கி விழுந்தவரை வலிப்பு நோயாளி என்று நினைத்து வைத்தியம் பார்த்த கதையெல்லாம் அதில் உண்டு.

இப்போது டிரையருக்கு வருகிறேன். அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் இருப்பது மின்சார டிரையர்தான். கேஸ் டிரையர் அதற்கு அடுத்தபடி. உள்ளே ஒரு பர்னர், ஒரு உருளை, ஒரு காற்றாடி. பர்னர் சுடாக்கிய காற்றை உருளைக்குள் இழுத்து, துணியின் ஈரத்தோடும் எரிந்த புகையோடும் சேர்த்து, நாலு அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும். 'வெளியே' என்ற அந்தச் சொல்லில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

பர்னரின் அளவைப் பாருங்கள். வீட்டு டிரையர் ஒன்று மணிக்கு 20,000 முதல் 22,000 பி.டி.யு. வரை எரிக்கும். நம் கணக்கில் ஆறு கிலோவாட்டுக்கு மேல். அதாவது நம் அடுப்பின் பெரிய பர்னர் மூன்றை ஒரே நேரத்தில் முழுத் தீயில் வைத்த மாதிரி. மணிக்கு அரைக் கிலோ கேஸ். 'உள்ளயே விட்டிருங்க' என்று மெக்கானிக் சொன்னாரே, அது இந்த மூன்று பர்னரின் புகையையும் மூன்று லிட்டர் துணி ஈரத்தையும் சேர்த்து வீட்டுக்குள் விடச் சொன்னது. சிம்மில் எரிந்த இரண்டு பர்னருக்கே அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்னொன்று, நாங்கள் யாருமே யோசிக்காதது. இந்த மெஷின் நிமிடத்துக்கு நூற்றைம்பது கன அடி அளவில் காற்றை வெளியே தள்ளும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் ஆயிரம் கன அடி. ஏழு நிமிடத்தில் அறைக் காற்று மொத்தமும் காலி. அப்படியென்றால் அவ்வளவு காற்று உள்ளே வரவும் வேண்டுமே? ஜன்னல் கதவை இறுக்கிச் சாத்தினால் காற்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கிருந்து வரும், மற்ற அடுப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதிகளில், சின்ன அறைக்குள் டிரையர் வைத்தால் குறைந்தது நூறு சதுர அங்குலத்துக்குத் திறப்பு வேண்டும் என்று இருக்கிறது. பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம். சாத்த முடியாத திறப்பு.

'வழி' விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு அமெரிக்காக்காரன் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. குலசேகரம் பக்கம் மாமா வீட்டில் ரப்பர் தோட்டம் உண்டு. ஷீட்டைப் புகை போட்டு உணக்குவதற்கு வீட்டிலிருந்து தள்ளிப் புகைப்புரை கட்டியிருக்கிறார்கள். பால் உறைந்து, ரோலரில் வரிவரியாக அழுத்தி எடுத்த ஈர ஷீட்டைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகுத் தீ. நாலு நாள் ஆகும். முதல் நாள் மாமா மேலே உள்ள திறப்பு எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து வைப்பார். ஈரம் போன பிறகுதான் திறப்பைக் குறைத்துச் சூட்டை ஏற்றுவார். சின்னப் பையனாக இருந்தபோது, 'சூடு எல்லாம் வெளியே போகுதே, மூடினா சீக்கிரம் காயுமே' என்று கேட்டிருக்கிறேன். "மூடுனா வெந்துரும்டே, ஒணங்காது" என்றார். ஒரு ஷீட் தவறி தீயில் விழுந்தால் புரையே போய்விடும் என்பதால்தான் அதை வீட்டோடு ஒட்டிக் கட்டுவதில்லை. ரப்பருக்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்த நாம் பிள்ளைத் துணிக்கு மட்டும் அடுக்களையைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கிறோம்.

ஓட்டு வீட்டு அடுக்களையில் ஓட்டிடுக்கு வழியாகவாவது புகை போகும். கான்கிரீட் வீடு வந்தது, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வந்தது. விறகடுப்பு போய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆனதும் புகையே இல்லை என்று நினைத்துவிட்டோம். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்தது, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. எத்தனையோ பெண்கள் ஊதுகுழலிலிருந்து தப்பித்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அடுப்போடு சேர்த்து ஜன்னலைத் திறந்து வைக்கவும் யாராவது வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, அமெரிக்க மெஷினுக்கும் நம் சிலிண்டருக்கும் ஒத்துப்போகுமா? இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. நியூ ஜெர்சியில் குழாயில் வருவது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரே கன அளவில் அதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம். அதனால் எல்.பி.ஜி.க்கான மெஷினில் கேஸ் வரும் துளை சின்னதாக இருக்கும். துளையை மாற்றாமல் சிலிண்டரை இணைத்தால் தேவைக்கு மேல் கேஸ் பாயும், அதற்கேற்ற காற்று இருக்காது, தீ மஞ்சளாக எரிந்து கரி கட்டும். மறுபடி அதே கார்பன் மோனாக்சைடு. மாற்றுவதற்குத் தயாரிப்பாளரே கிட் விற்கிறார், ஆனால் அதுவும் அங்கே கிடைக்கும் புரொப்பேனுக்காகச் செய்தது.

அடுத்தது கரண்டு. 'கேஸ் டிரையர் என்றால் கரண்டு வேண்டாம் இல்லையா' என்று அப்பா கேட்டார். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி அடித்த பிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வருவது நியாயம். ஆனால் உருளையைச் சுற்றுவதும் காற்றைத் தள்ளுவதும் மின்சார மோட்டார்தான். கரண்டு இல்லையென்றால் அதுவும் ஒரு பெட்டி. அந்த மோட்டார் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வோல்டேஜைக் குறைக்கலாம், சைக்கிளை அது மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். காற்றாடியும் அதே மோட்டாரில்தான் ஓடுகிறது. பர்னர் மட்டும் வேகம் குறையாமல் எரிய, புகையை வெளியே தள்ளும் காற்று குறையும்.

லீக் ஆனாலும் வித்தியாசம் உண்டு. மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போகும். எல்.பி.ஜி. கனம், தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும் இடம் அடுக்களையிலிருந்து ஒரு படி கீழே. அங்கேதான் டிரையரையும் வைப்பதாகப் பேச்சு. அதற்குப் பக்கத்தில்தான் சாக்கடைத் துளையும். டிரையருக்குள் பற்ற வைக்கும் மின் இக்னைட்டர் வேறு. எல்.பி.ஜி. தேங்குவதற்கும் பற்றுவதற்கும் இதைவிட வசதியான இடம் வீட்டில் கிடையாது.

டியூபில் 'டி' போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரெகுலேட்டர், ஒரு டியூப், நடுவில் ஒட்டு இல்லை என்பதுதான் கேஸ் ஏஜென்சிக்காரர்கள் சொல்லும் முதல் விதி. அந்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கே ஆயுள் ஐந்து வருடம். எங்கள் டியூபைத் திருப்பிப் பார்த்தேன், தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. (மறுநாளே மாற்றினோம். நீங்களும் இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு டியூபைப் பாருங்கள்.) எண்ணெய் நிறுவனங்கள் கேஸ் விபத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருக்கின்றன, உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய் என்று. பிரீமியம் நம்மிடம் தனியாக வாங்குவதில்லை. ஆனால் மெக்கானிக் போட்ட 'டி'யையும் கண்டெய்னரில் வந்த மெஷினையும் பார்த்த பிறகு கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள் என்று இன்சூரன்ஸ் பேப்பர் எழுதின நான் நம்ப மாட்டேன்.

கடைசியில் என்னிடம் கேட்ட கணக்கு. ஒரு லோடு துணியில் மூன்று லிட்டர் ஈரம் என்று வைத்தேன். அதை ஆவியாக்க இரண்டு யூனிட் வெப்பம், மெஷினில் வீணாவதைச் சேர்த்தால் நாலு யூனிட். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆக, லோடுக்கு முந்நூறு கிராமுக்குச் சற்று மேலே. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் லோடுக்கு இருபது ரூபாய். மின்சார டிரையரில் அதே நாலு யூனிட், யூனிட் ஆறு ரூபாய் என்றால் இருபத்துநாலு. மிச்சம் நாலு ரூபாய்! மழைக்காலம் முழுக்க நூற்றைம்பது லோடு போட்டாலும் வருடத்துக்கு அறுநூறு ரூபாய். இதற்கு டிரான்ஸ்ஃபார்மர், கிட், குழாய், கொத்தனார் கூலி. ரிப்பேர் என்றால் பார்ட்ஸ் கிடைக்காது. சும்மா வருகிற மெஷின்தான், ஆனால் சும்மா இருக்கவிடாத மெஷின்.

அத்தானுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப இங்க லட்சக்கணக்கான வீட்டுல எப்படிடே ஓடுது?" என்றார். நியாயமான கேள்வி. முறையாக வைத்தால் ஓடும். ஜப்பானில் ரின்னாய் கம்பெனி வீட்டுக்கென்றே கேஸ் டிரையர் விற்கிறது, அதிலும் புகை வெளியே போகக் குழாய் உண்டு. கேஸ் டிரையரே கூடாது என்பது என் கட்சி இல்லை. வைப்பதென்றால் முதலில் சுவரில் ஓட்டை போடுங்கள், மெஷினை அப்புறம் வாங்குங்கள் என்கிறேன்.

குழாய் உலோகக் குழாயாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் ஆகாது. நீளம் முப்பத்தைந்து அடிக்குள், ஒவ்வொரு முழு வளைவுக்கும் ஐந்தடி கழித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஸ்க்ரூ முனை நீட்டக்கூடாது, வெளி முனையில் கொசுவலை போடக்கூடாது, இரண்டிலும் பஞ்சு பிடிக்கும். அந்தப் பஞ்சுதான் டிரையரின் எமன். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், கேஸ், மின்சாரம் எல்லா டிரையரும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள், ஐந்து சாவு, நூறு பேருக்குக் காயம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாதது, 34 சதவீதம். ஒவ்வொரு லோடுக்கும் வடிகட்டியில் பஞ்சை எடுத்துப் போடுவது ஒரு நிமிட வேலை.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு வம்பு, எண்ணெய். எண்ணெய் ஊறிய துணியை டிரையரில் போடாதே என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சூட்டில் எண்ணெய் தானாகவே வெப்பமேறி, எடுத்து மடித்து வைத்த பிறகுகூடப் பற்றலாம். சனிக்கிழமை நல்லெண்ணெய்த் துண்டை உள்ளே போடக்கூடாது என்று ஆச்சியிடம் யார் சொல்வது?

லீக் இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சி கிழித்து இல்லை. (கிழித்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.) இணைப்பைக் கேஸ் ஏஜென்சி ஆள்தான் கொடுக்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மூடும் வால்வு வேண்டும், படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

டிரையர் வேண்டாம் என்று முடிவானது. அத்தான் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிள்ளைக்குத் துணி? வாஷிங் மெஷினில் ஸ்பின்னை மட்டும் இரண்டு தடவை ஓட்டினோம். சுற்றிப் பிழிந்து எடுக்கிற தண்ணீருக்குச் சூடாக்கி எடுக்கிற தண்ணீரைவிடச் செலவு எவ்வளவோ குறைவு. மாடியில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, எதிரெதிர்ச் சுவரில் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். மாமாவின் புகைப்புரை மாதிரியே, தீ மட்டும் இல்லாமல். மழை நாளில் ராத்திரி போட்டால் காலையில் பெரும்பாலும் காய்ந்துவிடுகிறது. விடாமல் பெய்த மூன்று நாள் மட்டும் காயவில்லை, அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி. கொத்தனார் சுவரை உடைத்தபோது ஆச்சி கீழேயிருந்து, "பிள்ளைத் துணி ஒணக்கதுக்கு வீட்ட இடிக்கியளாடே?" என்று கத்தியது மட்டும்தான் எதிர்ப்பு.

அந்தப் பத்து அங்குலக் கணக்கு மண்டையில் ஏறியதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் கண் சுவரில் போகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசரும் சிலிண்டரும் இருக்கிறது. மேலே இருந்த வென்டிலேட்டரைப் பல்லி வருகிறது என்று பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். போய்ச் சொன்னேன். "ரெண்டு வருஷமா ஓடுது தம்பி, ஒண்ணும் ஆவல்ல" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.